பச்சைக் கதவுக்கு அப்பால் ஆறு விளக்குகள்

அன்று மாலை அந்த வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். வீட்டுக்காரர் சிகாபுதீன் ராவுத்தர், அவருடைய விதவை அக்கா ஜொஹரா பீவி, ஒரே மகள் ரம்லத், சமையலுக்கு இருந்த ஹாஜரா. பாலக்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்த மைமூன் பீவி, அவருடைய இரண்டு மருமகள்கள், ஆறு வயதுப் பேத்தி சுலு. அவர்களைத் தானே கார் ஓட்டி அழைத்து வந்த மைமூன் பீவியின் தம்பி ஷௌகத் அலி. பத்தாவது ஆள், மின்சார வேலை பார்க்கும் ராமபத்ரன். இவர்களைத் தவிர அங்கே வேறு ஈ காக்கை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, மலையாளத் துலாம் மாதம், நம் ஐப்பசி. மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் வாங்கி விற்கும் ராவுத்தர்மார்களில் சிகாபுதீன் ராவுத்தரின் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தலை நிமிர்ந்து நின்ற குடும்பம். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே மதில் எழுப்பிய ஒரு தோட்டம் உண்டு. அது பெண்களுக்கானது. அந்நிய ஆண் எவனும் அங்கே கால் வைத்ததில்லை. தேங்காய் பறிக்க ஆள் ஏற வேண்டி வருமே என்று ராவுத்தரின் தகப்பனார் அந்தத் தோட்டத்தில் ஒரு தென்னையைக்கூட நடவில்லை. கொச்சியில் தென்னை இல்லாத தோட்டம் அது ஒன்றுதான் என்று ஊரார் சிரித்தார்கள். ராவுத்தர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். சாம்பக்கா மரம், செம்பருத்தி, மருதாணி, நிறம் நிறமாகக் குரோட்டன்ஸ், நடுவில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் இரும்புக் குழாய்களால் அவரே நாட்டிய மல்லிகைப் பந்தல். வீட்டுப் பெண்களின் அறைகள் வழியாகப் போவதைத் தவிர, தோட்டத்துக்கு ஒரே வாசல், முன்னறையை அடுத்த இடைகழியில் இருந்த பச்சைக் கதவு; அதன் சாவி ராவுத்தரின் இடுப்பில் இருக்கும்.

பாலக்காட்டுச் சம்பந்தம் பேச்சு வந்தபோது மைமூன் பீவி சொல்லியனுப்பிய வார்த்தை ராவுத்தரின் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. "ஆண் நிழல் படாத தோட்டம் உள்ள வீடாமே, அந்த வீட்டுப் பொண்ணுதான் எனக்கு வேணும்." வருகிறவர்கள் மாலையில் வந்து மஃக்ரிபு தொழுதுவிட்டு, தோட்டத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுவார்கள் என்று முடிவாயிற்று. அந்த வேளைக்குத் தோட்டம் இருண்டு கிடக்கக் கூடாது.

வியாபார விஷயமாகக் கொச்சித் துறைமுகத் தீவுக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு பங்களாவின் தோட்டத்தை ராவுத்தர் பார்த்திருந்தார். பல்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனால் இலைகள் மட்டும் உள்ளிருந்து ஒளி விடுவதுபோல் நின்றன. அந்த வேலையைச் செய்தவன் யாரென்று விசாரித்து, போர்ட் கொச்சியிலிருந்து ராமபத்ரனை வரவழைத்தார். ஐம்பது வயது. கப்பல்துறையில் நெடுங்காலம் இருந்தவர்.

"விளக்கு தெரியப்படாது மொதலாளி, வெளிச்சந்தான் தெரியணும்," என்றார் ராமபத்ரன். "மரத்துக்குக் கீழ வச்சு மேல பாத்து அடிக்கணும். செடிக்குப் பின்னால ஒளிச்சு வைக்கணும். அப்பந்தான் தோட்டம் ரெண்டு மடங்காத் தோணும்."

"நல்லது. ஆனா நீ உள்ள போகக் கூடாது."

ராமபத்ரன் சிரித்துவிட்டார். "பின்னே எப்படி? ஓதி ஊதி விடணுமா?"

ராவுத்தர் சிரிக்கவில்லை.

கடைசியில் வேலை இப்படித்தான் நடந்தது. ராமபத்ரன் இடைகழியில் உட்கார்ந்து பால்பொடி டின்களைப் பாதியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு பொருத்தினார். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழ, மறுபக்கத்தை டின் மறைக்கும். இப்படி ஆறு. வயரை அளந்து நறுக்கினார். அட்டையில் படம் போட்டுக் காட்டினார். எல்லாவற்றையும் ராவுத்தர் கதவை ஒரு சாண் திறந்து தள்ள, உள்ளேயிருந்து ரம்லத் வாங்கிக்கொண்டாள். பள்ளியிறுதி வரை படித்த பெண். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவளும் ஜொஹரா பீவியும் வயரை இழுத்து இணைத்தார்கள். ராவுத்தர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வயர் மதிலோரமாத் தரையில போகட்டும். இணைக்கிற எடத்துல எல்லாம் கறுப்பு டேப்பை நல்லா மூணு சுத்துச் சுத்தணும். கேக்குதா பிள்ளே?"

"கேக்குது," என்றாள் ரம்லத்.

அதன்பின் ஜொஹரா பீவி அவளை மருதாணி வைக்க உள்ளே அனுப்பிவிட்டு, மீதி வேலையைத் தானே முடித்தார். விருந்துக்கு வருகிறவர்களின் காலில் வயர் தட்டுமே என்று அதைத் தரையிலிருந்து எடுத்தார். மல்லிகைப் பந்தலின் இரும்புக் குழாயோடு சேர்த்துக் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மல்லிகைக் கொடி அதை மூடிக்கொண்டது. பார்க்க லட்சணமாக இருந்தது. கடைசி இரண்டு இணைப்புக்கு டேப் போதவில்லை. கதவைத் தட்டி அந்நிய ஆணிடம் கேட்பதா? நாற்பது வருஷமாக அந்த வீட்டில் இருப்பவருக்கு அது தோன்றவே இல்லை. தன்னுடைய பழைய வெள்ளைத் துப்பட்டியைக் கிழித்து, நாடா நாடாக அழகாகச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

விருந்தாளிகள் வரவேண்டிய நாளன்று மத்தியானம் இடி இடித்து ஒரு மணி நேரம் மழை பெய்தது. பிறகு வானம் வெளுத்தது. இலையெல்லாம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ராமபத்ரன் ஒத்திகை பார்ப்பதற்காக இடைகழிச் சுவரில் இருந்த சுவிட்சின் இரும்புப் பிடியை மேலே தள்ளினார். மதிலுக்கு மேலே சாம்பக்கா மரத்தின் உச்சி மஞ்சளாகப் பூத்தது.

அதே நொடியில் உள்ளே ஹாஜரா அலறினாள்.

ராவுத்தர் எழுந்தே விட்டார். அக்காவின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"ஒண்ணுமில்ல தம்பி. துண்டு காயப் போடப் பந்தலைத் தொட்டாளாம், என்னமோ கடிச்சு இழுத்துச்சாம். கன்னி மல்லிகைப் பந்தல்ல நேரங்கெட்ட நேரத்துல கை வச்சா சும்மா விடுமா? ஜின்னுதான். சாம்பிராணி போடச் சொல்லியிருக்கேன். ஆயத்துல் குர்ஸி ஓதறேன்."

"ஜின்னுமில்ல, ஒண்ணுமில்ல மாமி." இது ரம்லத். அவள் கதவோடு வாயை வைத்துப் பேசினாள். "அத்தா, அது கரண்டு. நான் கட்டை மெதியடி போட்டுக்கிட்டு விரலால தொட்டுப் பார்த்தேன். எனக்கே சுருக்குன்னுச்சு. பந்தல் முழுக்க இருக்கு."

ராமபத்ரன் சுவிட்சைக் கீழே இறக்கினார். "எதைச் சுத்தினீங்க பிள்ளே? டேப்புதானே?"

உள்ளே மல்லிகை இலைகளை விலக்கும் சத்தம் கேட்டது.

"துப்பட்டித் துணி," என்றாள் ரம்லத்.

ராவுத்தர் ராமபத்ரனின் முகத்தைப் பார்த்தார். இதுவரை சிரித்துப் பேசிய மனிதர் சிரிப்பை எங்கேயோ வைத்துவிட்டார்.

"மழை நனைஞ்ச துணி. அதுக்குக் கீழ இரும்புக் குழாய். அதுக்குக் கீழ ஈர மண்ணு." அவர் ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். "மொதலாளி, இது களியில்ல, விளையாட்டில்ல. மெதியடி இருந்ததால உங்க பொண்ணு பொழைச்சா. வெறுங்காலோட ஆராவது அந்தக் குழாயைப் பிடிச்சா கையை விட முடியாது. அதுவும் விடாது. பத்து நிமிஷம் தாங்க, நான் உள்ள போயி சரியாக்கறேன். பொண்ணுங்க வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

"முடியாது."

"அப்ப விளக்குப் போடண்டா. குத்துவிளக்கு வச்சுக்கலாம், அது போதும்."

"விளக்கைப் பத்திப் பாலக்காட்டுக்கு நான் கடிதாசிலயே எழுதியாச்சு."

"மொதலாளி..."

அப்போது தெருவில் கார் ஹார்ன் அடித்தது. ரம்லத்தே டேப் வாங்கிச் சுற்றிவிடலாம் என்று ராவுத்தர் நினைத்தார். ஆனால் அதற்குள் ஜொஹரா பீவி அவளைச் சேலை உடுத்த இழுத்துக்கொண்டு போயிருந்தார். முற்றத்தில் பெண்களின் வளையல் சத்தமும் குழந்தையின் கொலுசுச் சத்தமும் கேட்டன.

வாசலில் ஷௌகத் அலியை வரவேற்றார் ராவுத்தர். ஸலாம் சொன்னார். சிரித்தார். வந்தவரை முன்னறையில் உட்கார வைத்தார். பெண்கள் உள்ளே போனார்கள். மஃக்ரிபு பாங்கு ஒலித்தது. முன்னறையில் இருவரும் தொழுதார்கள். மூன்று ரக்அத்தா, நான்கா என்று ராவுத்தருக்கு இடையில் குழம்பியது. வாழ்நாளில் அது முதல் தடவை.

தொழுது முடித்ததும் உள்ளேயிருந்து ஹாஜரா குரல் கொடுத்தாள். "விருந்தாளிங்க தோட்டத்துல உக்காந்தாச்சு. விளக்குப் போடச் சொல்றாங்க."

ராவுத்தர் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். விரிப்பு தண்ணீர்த் தொட்டி ஓரம்தான் போட்டிருக்கிறது. பந்தல் அங்கிருந்து பதினைந்து அடி. ரம்லத்துக்கு விஷயம் தெரியும், யாரையும் அந்தப் பக்கம் விடமாட்டாள். அரை மணி நேரம். அரை மணி நேரம் கழிந்தால் எல்லாம் முடிந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் நானே நிற்பேன். வந்தவர்களிடம், எங்கள் தோட்டம் கடிக்கும், ஜாக்கிரதை என்றா சொல்வது?

அவர் பிடியை மேலே தள்ளினார்.

உள்ளே பெண்கள் ஒரே குரலில் மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு மைமூன் பீவியின் கனத்த குரல்: "மாஷா அல்லாஹ்! செடி பூராவும் வைரம் பதிச்ச மாதிரி இருக்கே. மகளே ரம்லத், இத யாரு செஞ்சது?"

"நான்தான்," என்றாள் ரம்லத். அவள் குரல் நடுங்கியது. வெட்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ராவுத்தர் கையைப் பிடியிலிருந்து எடுக்கவில்லை. ராமபத்ரன் அவருக்கு எதிரே சுவரோடு சாய்ந்து நின்றார். இருவருக்கும் நடுவில் பச்சைக் கதவு. கதவின் இடுக்கில் ஒளிக்கோடு ஒன்று தெரிந்தது.

சாயாக் கோப்பையோடு ஷௌகத் அலி அங்கேயே வந்துவிட்டார். பேச்சுப் பிரியர்.

"எந்தா ராவுத்தரே, நம்மள முன்னறையில உக்கார வச்சிட்டு இங்க ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி கொடியைப் பிடிச்சுட்டு நிக்கறீங்க?"

"கரண்டு... கொஞ்சம் கூடும், குறையும். அதான்."

"எங்க பாலக்காட்டுல அந்தப் பிரச்சினையே கிடையாது. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இருக்கவே இருக்காது!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, ராமபத்ரனைப் பார்த்தார். "இந்தச் சேட்டன் ஏன் இப்படி முழிக்கறாரு? பொண்ணு வீட்டுக்காரரா?"

ராமபத்ரன் அவரைத் தாண்டி நடந்தார். ராவுத்தரின் காதருகே வந்தார். "ஓஃப் பண்ணுங்க மொதலாளி."

"இன்னும் கொஞ்ச நேரம்."

உள்ளே கொலுசு ஓடத் தொடங்கியது.

தொட்டியைச் சுற்றி ஒரு முறை. இன்னொரு முறை. செருப்பில்லாத சின்னக் கால்கள் ஈர மண்ணில் பதியும் சத்தம் கொலுசுக்கு அடியில் தனியாகக் கேட்டது. இடது பக்கம் போனால் சாம்பக்கா. வலது பக்கம் போனால் பந்தல். கொலுசு இடது பக்கம் போயிற்று. ராவுத்தர் மூச்சு விட்டார். கொலுசு நின்றது. யாரோ பிஸ்கட் கொடுக்கிறார்கள். மறுபடி ஓடியது. இந்த முறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஷௌகத் அலி ஏதோ ஒலவக்கோட்டு ரயில்வே கதை சொல்லிக்கொண்டிருந்தார். ராவுத்தருக்கு அவர் வாயைப் பொத்திவிடலாம் போல் இருந்தது. 

"ஓஃப் பண்ணுங்க," என்றார் ராமபத்ரன். இந்தத் தடவை கெஞ்சவில்லை.

ராவுத்தரின் கை இறங்க ஆரம்பித்தது. பாதி வழி வரை வந்தது. அப்போது மைமூன் பீவி உள்ளே சொன்னார்: "நாங்க பார்த்த வீடுகள்ல இது மாதிரி ஒண்ணு இல்ல ஜொஹரா. விளக்கணைக்கச் சொல்லாதே. கொஞ்ச நேரம் பாத்துட்டே இருக்கேன்."

கை நின்றது.

பெண் பார்க்கும் வேளையில் வீடு இருண்டுபோனது என்று பாலக்காட்டில் பேசுவார்கள். இன்னும் ஐந்து நிமிஷம். அவர் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"மல்லிப்பூ!" என்றது குழந்தையின் குரல். வலது பக்கத்திலிருந்து.

"சுலு! அங்க போகாதே கண்ணு! சுலு, தொடாதே!" ரம்லத்தின் குரல். ஓடும் சத்தம், சேற்றில் கால் வழுக்கும் சத்தம். பிறகு குரல் இல்லை. ஏதோ தொப்பென்று விழுந்தது.

ராவுத்தர் பிடியை இழுத்தார். எந்த எண்ணிக்கையில் இழுத்தார் என்று பின்னால் அவர் எத்தனையோ முறை யோசித்திருக்கிறார். ரம்லத் கத்தியபோதா, விழுந்தபோதா? நடுவில் ஒரு நொடி இருந்தது. அந்த நொடி அவருடையது.

தோட்டம் கறுத்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள். குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும், குழந்தை உயிரோடு இருக்கிறது, அப்படியானால் அது என் மகள் என்று அவருக்குப் புரிந்தது.

இடுப்பில் இருந்த சாவியை எடுத்தார். அது பூட்டில் நுழைய மறுத்தது. நுழைந்தது. பச்சைக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார்.

"ராமபத்ரா. உள்ள வா."

டார்ச் வெளிச்சம் பந்தலடியில் விழுந்தது. சுலு மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் குழாய்க்கும் நடுவில் ரம்லத் கிடந்தாள். புதுச் சேலை சேறாகியிருந்தது; வெறுங்கால் சறுக்கிய தடம் மண்ணில் குழாய் வரை போயிருந்தது. வலது உள்ளங்கையில் குழாயின் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கண் பாதி திறந்திருந்தது. மூக்கின் கீழே ராமபத்ரன் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு இல்ல," என்றார். "ஆனா நாடி இருக்கு. கவுத்துப் படுக்க வச்சு விலாவுல அமுக்கி விட்டா மூச்சு வரும். கப்பல்துறையில சொல்லிக் கொடுத்திருக்காங்க."

அவர் கையை நீட்டவில்லை. ராவுத்தரின் முகத்தைப் பார்த்தார்.

"நான் செய்றேன். சொல்லு," என்றார் ராவுத்தர்.

மகளைக் கவிழ்த்தார். முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் கை வைத்தார். "அமுக்குங்க. விடுங்க. மெல்ல. அமுக்குங்க, விடுங்க." ராவுத்தரின் கைகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தாளம் தப்பியது. ஒரு முறை அமுக்கினால் அடுத்த முறை விரல்கள் துவண்டன. டார்ச்சைப் பிடித்திருந்த ஜொஹரா பீவி ஓதிக்கொண்டிருந்தார். அவர் குரலும் தாளம் தப்பியது. பின்னால் பாலக்காட்டுப் பெண்கள் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆண் நிழல் படாத தோட்டத்தில், மணமகளின் உடம்புக்குப் பக்கத்தில் ஒரு அந்நியன் மண்டியிட்டிருப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிகாபுதீன் ராவுத்தர் நகர்ந்து இடம் விட்டார்.

"நீ செய்," என்றார்.

ராமபத்ரன் செய்தார். மரத்தை அறுக்கிறவனுக்கு இருக்கும் நிதானத்தோடு முன்னால் சாய்ந்தார், பின்னால் வந்தார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. மல்லிகைக் கொடியிலிருந்து மழைத்துளி சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு ரம்லத்தின் தொண்டையில் ஒரு கரகரப்பு. இருமல். ஒரு நீளமான, அசிங்கமான மூச்சு. அதைவிட இனிமையான சத்தத்தை ராவுத்தர் கேட்டதில்லை. அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மைமூன் பீவி தன் துப்பட்டியை எடுத்து ரம்லத்தின்மேல் போர்த்தினார். பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ராவுத்தரின் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"பந்தல்ல கரண்டு இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஷௌகத் அலியும் கதவருகே நின்று, அந்தச் சொல் வரட்டும் என்று எதிர்பார்ப்பவர் போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜொஹரா பீவி வாயைத் திறந்தார். ராவுத்தர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சும் என் பிள்ளைகளைக் கூட்டி வந்து உக்கார வச்சீங்க."

"ஆமா."

மைமூன் பீவி மருமகள்களைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். கார் கிளம்பிப் போனது. பலகாரத் தட்டுகள் தொட்டி ஓரத்தில் அப்படியே இருந்தன.

மறுநாள் காலையில் பாலக்காட்டிலிருந்து ஆள் வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ரம்லத் பதினெட்டு நாள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வலது கையின் இரண்டு விரல்கள் பிறகு முழுசாக மடங்கவில்லை. அடுத்த வருஷம் ஆலப்புழையில் ஒரு கயிற்று வியாபாரி வீட்டுக்கு மருமகளாகப் போனாள். அந்த வீட்டார் கேட்பதற்கு முன்பே ராவுத்தர் நேரில் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மின்சார வேலைக்காரன் பெண்ணைப் பார்க்க மதில் ஏறிக் குதித்தான், அதைக் கண்டுதான் பாலக்காட்டார் எழுந்து போனார்கள் என்று கடைத்தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். ராமபத்ரன் மதில் ஏறவில்லை. கதவு வழியாக வந்தார். கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டவர் சிகாபுதீன் ராவுத்தர்.